வலைச் செயலியில் "ஏதோ சரியில்லை" என்றால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழிமுறை

வலைச் செயலி ஒன்றைக் கட்டி ஒப்படைத்த சில வாரங்களில் கடைக்காரரிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் "ஏதோ சரியில்லை" என்ற அளவில்தான் இருக்கும். அதைக் கேட்டவுடன் நிரலாளர்கள் பலர் கருவியை மாற்றப் புறப்பட்டுவிடுகிறார்கள். திரையைக் கட்ட உதவும் ரியாக்ட்டை விட்டு ஸ்வெல்ட்டுக்குப் போகலாமா, தோற்றத்தை அமைக்க உதவும் பூட்ஸ்ட்ராப்பை எடுத்துவிட்டு டெய்ல்விண்டைப் போடலாமா என்று விவாதம் தொடங்கிவிடுகிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்கும் காசிமேட்டு மீன் மொத்த வியாபாரிகளுக்கும் வேலை செய்து தருகிற எங்களுடைய கணிப்பு வேறு: இப்புகார்களில் மிகப் பெரும்பாலானவை எந்தக் கருவிக்குப் போனாலும் கூடவே வந்துவிடுபவை. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியையும் எடுத்துக்கொண்டு, அதன் காரணத்தை எங்கே தேடுவது என்று எழுதியிருக்கிறோம். கருவியை மாற்றுவது உண்மையிலேயே தேவைப்படும் நிலை எது என்பது கடைசியில் வருகிறது.

தொடங்குவதற்கு முன்

குறை தெரிந்த அதே கைப்பேசியில், அதே இடத்தில், முடிந்தால் அதே நேரத்தில் செயலியைத் திறந்து பாருங்கள். விடியற்காலை ஏலக்கூடத்தில் ஈரக்கையோடு பயன்படுத்தப்படும் செயலியைக் குளிரூட்டிய அறையில் மடிக்கணினியில் சோதித்துவிட்டு "எனக்கு நன்றாகத்தான் ஓடுகிறது" என்று சொல்வதில் பொருளில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்தால், கைப்பேசியில் ஓடிக்கொண்டிருக்கும் பக்கத்தையே குரோமின் டெவலப்பர் டூல்ஸ் வழியாக ஆராயலாம். அதற்கு வாய்ப்பில்லாதபோது, அதே கருவியில் இணைய வேகத்தையும் சிபியுவின் வேகத்தையும் செயற்கையாகக் குறைத்துப் பார்ப்பது அடுத்த நல்ல வழி.

அளவுகோல் வேண்டுமென்றால் கூகுள் வரையறுத்த மூன்று எல்லைகள் போதும்: திரையின் முதன்மையான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதற்கான பதில் 200 மில்லிவிநாடிக்குள் திரையில் தோன்ற வேண்டும். அமைப்பு குதிப்பதைக் குறிக்கும் மதிப்பு 0.1-ஐத் தாண்டக் கூடாது. இவை நூற்றுக்கு எழுபத்தைந்து பார்வைகளிலாவது நிறைவேற வேண்டும் என்பதே கணக்கு. பக்கத்தை அளந்து பார்க்கும் லைட்ஹவுஸ் கருவி தரும் மதிப்பெண் ஒரே கணினியில் ஒரே முறை ஏற்றிப் பார்த்ததன் விளைவு என்பதால், பயனர் தொட்ட பிறகு நடப்பதைப் பற்றி அது ஏறத்தாழ எதுவும் சொல்லாது.

அறிகுறி: திறந்தால் வெள்ளைத் திரையாகவே நிற்கிறது

இதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வெள்ளையாகவே இருக்கிறதா, நெடுநேரம் கழித்துத் திறக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள்.

கடைசிவரை திறக்கவில்லை என்றால், புதிய பதிப்பு ஏற்றிய நாளோடு புகார் வந்த நாளை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒட்டி வந்தால், உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய எச்டிஎம்எல் பக்கம், சர்வரில் இப்போது இல்லாத பழைய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைக் கேட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எச்டிஎம்எல் பக்கத்தை ஒவ்வொரு முறையும் சர்வரிடம் சரிபார்த்தே பயன்படுத்தும்படி கேச் விதியை (உலாவி எதை எவ்வளவு காலம் சேமிக்கலாம் என்ற விதியை) அமைத்து, உள்ளடக்கம் மாறும்போது பெயரும் மாறுகிற ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் கோப்புகளை மட்டும் நீண்ட காலம் சேமிக்க விடுங்கள். முந்தைய பதிப்பின் கோப்புகளையும் சில நாள்கள் சர்வரில் விட்டுவையுங்கள். பக்கத்துக்குப் பின்னணியில் ஓடிக் கோப்புகளைச் சேமித்துத் தரும் சர்வீஸ் வொர்க்கர் இருந்தால் சந்தேகத்தை அதன் மீது முதலில் வையுங்கள், ஏனெனில் உலாவியில் திறந்திருக்கும் தாவல்கள் எல்லாம் மூடப்படும் வரை பழைய சர்வீஸ் வொர்க்கரே ஆட்சி செய்வது அதன் இயல்பு.

தாமதமாகத் திறக்கிறது என்றால் டெவலப்பர் டூல்ஸின் நெட்வொர்க் பகுதியில் முதல் வரியைப் பாருங்கள். சர்வரின் முதல் பதிலே தாமதமாக வந்தால் பிழை தரவுத்தளத்தில் இருக்கலாம். பதில் விரைவாக வந்து, பிறகு ஜாவாஸ்கிரிப்ட் இறங்கி ஓடி முடியும் வரை திரை காலியாக இருந்தால் அது உங்கள் வடிவமைப்பின் விளைவு. சில நூறு புடவைகளைப் படத்தோடும் விலையோடும் காட்டும் பட்டியலுக்கு, எல்லாவற்றையும் உலாவியிலேயே கட்டுகிற அமைப்பு தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. ஜாங்கோ, லாராவெல் போன்ற சர்வர்க் கருவி சர்வரிலேயே எச்டிஎம்எல்லை உருவாக்கி அனுப்பினால், ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேரும் முன்பே வாடிக்கையாளர் புடவையைப் பார்த்துவிடுவார்.

அறிகுறி: படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் குதிக்கிறது

படங்களுக்கு அகலமும் உயரமும் குறிக்கப்படாததே வழக்கமான காரணம். குறித்துவிட்டால் படம் வரும் முன்பே உலாவி இடம் ஒதுக்கிவிடும். தமிழ்ப் பக்கங்களில் அதிகமாகத் தெரியும் இன்னொரு காரணமும் உண்டு. முதலில் கைப்பேசியின் சொந்த எழுத்துருவில் தோன்றும் வரிகள், நீங்கள் தேர்ந்த எழுத்துரு வந்து சேர்ந்ததும் வேறு அகலத்துக்கு மாறுகின்றன. தமிழ் எழுத்துருக்களுக்கிடையே அகல வேறுபாடு அதிகம் என்பதால் மூன்று வரிச் செய்தி நான்கு வரியாகிக் கீழே உள்ள பொத்தானைத் தள்ளிவிடுகிறது. எழுத்துருவை முன்கூட்டியே இறக்கும்படி குறிப்பது, மாற்று எழுத்துருவின் அளவைச் சிஎஸ்எஸ் வழியாக ஒத்துவரச் செய்வது ஆகிய இரண்டும் உதவும். உலக எழுத்துகளுக்கெல்லாம் குறியெண் தரும் யூனிகோடில் தமிழின் முதன்மைப் பகுதிக்கு ஒதுக்கப்பட்டிருப்பது 128 இடங்கள் மட்டுமே. அந்த எல்லையை எழுத்துருவின் அறிவிப்பில் குறித்தால், தமிழ் எழுத்து இல்லாத பக்கங்களில் உலாவி அந்தக் கோப்பை இறக்காது.

அறிகுறி: ஆங்கிலத்தில் அழகாக இருந்த திரை தமிழில் சிதைந்து தெரிகிறது

ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியில் ஆங்கிலச் சொற்களை வைத்து வரைந்த திரையில் தமிழைக் கடைசியில் நிரப்புகிறவர்கள் அனைவரும் இதைச் சந்திப்பார்கள். முதலில் வரியுயரத்தைப் பாருங்கள். இகர ஈகாரக் கொக்கிகளும் மேலே வரும் புள்ளியும், உகர ஊகாரங்களில் கீழே இறங்கும் வளைவுகளும் ஒரே வரியில் இருக்க வேண்டியிருப்பதால், ஆங்கிலத்துக்குப் போதுமான 1.2 மடங்கு வரியுயரம் தமிழுக்கு நெருக்கடியாகும், 1.5 முதல் 1.7 வரை வைத்துப் பாருங்கள். பொத்தானுக்குப் பிக்சல் கணக்கில் உயரத்தை நிலையாக வைத்துவிட்டு உள்ளே மிகுந்ததை மறைக்கும்படி எழுதியிருந்தால் புள்ளி வெட்டுப்படும், புள்ளி வெட்டுப்பட்டால் "கடல்" கூட "கடல" ஆகிவிடும். உயரத்தை விட்டுவிட்டு உள்ளிடைவெளியை மட்டும் கொடுங்கள்.

இரண்டாவது, தடித்த எழுத்து. நீங்கள் கேட்ட தடிமன் எழுத்துருவில் இல்லாதபோது உலாவி தானாகவே எழுத்தைத் தடிக்கச் செய்கிறது; அப்போது ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைபட்டுப் படிக்க முடியாமல் போகின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகியவை பல தடிமன்களோடு இலவசமாகக் கிடைப்பதால், தேவையான தடிமன் கோப்பையே தருவதில் சிரமமில்லை.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது. ஆங்கில வடிவமைப்புகள் தலைப்பை முழுப் பெரிய எழுத்தாலும் குறிப்பைச் சாய்வெழுத்தாலும் வேறுபடுத்துகின்றன. தமிழில் பெரிய எழுத்து என்பதே இல்லை. சாய்வெழுத்தும் பெரும்பாலான எழுத்துருக்களில் இல்லாததால் உலாவி எழுத்தை வலிந்து சாய்த்துக் காட்டும். இவ்விரண்டையும் நம்பிய திரையில் எது தலைப்பு, எது குறிப்பு என்ற வேறுபாடே மறைந்து, எல்லாம் ஒரே குரலில் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. அளவு, தடிமன், நிறம், இடைவெளி ஆகிய நான்கால் மட்டும் வேறுபாட்டைக் காட்டும்படி முதலிலிருந்தே வரைந்தால் இரு மொழியிலும் திரை நிற்கும்.

தமிழ் எழுத்துக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் அது வடிவமைப்புக் குறையன்று. தமிழை ஏற்காத குறிமுறையில் அமைந்த தரவுத்தள நெடுவரிசையில் தகவல் விழுந்திருக்கிறது. கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டிருந்தால் மூலத்தை மீட்க வழியில்லை, ஆகவே புதிய பதிவுகளை உடனே நிறுத்திவிட்டுச் சரிசெய்யுங்கள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் "யுடிஎஃப்8" என்ற பழைய குறிமுறை அமைப்பு ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுகள் வரை ஏற்பதால் தமிழ் அதில் பிழைத்துக்கொள்ளும், ஆனால் நான்கு பைட்டு வேண்டும் இமோஜி வந்ததும் பதிவே தோல்வியடையும். "யுடிஎஃப்8எம்பி4" என்பதைத் தேர்ந்தால் இந்தக் கவலை இல்லை.

அறிகுறி: பட்டியலில் இருக்கும் பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை

மீன் வியாபாரியின் செயலியில் "கொடுவா" என்று பட்டியலில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் "முடிவுகள் இல்லை" என்கிறது. யூனிகோடில் "கொ" என்பதை ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு இரண்டும் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் ஜாவாஸ்கிரிப்ட்டின் நார்மலைஸ் வசதியால் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டால் இது தீரும். ஆனால் "ஸ்ரீ" இதனால் தீராது: 2005-இல் யூனிகோடில் ஶகரம் சேர்ந்த பிறகு, ஶகரத்தில் தொடங்கும் வடிவும் ஸகரத்தில் தொடங்கும் பழைய வடிவும் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஔகார எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுகிறவர்களும் உண்டு. இவற்றுக்கு நீங்களே ஒரு சிறிய மாற்றுப் பட்டியல் எழுத வேண்டும். பெயர்ப்பலகையில் பாதி "ஸ்ரீ"யில் தொடங்குகிற கடைத்தெருக்களில் இந்தப் பத்து வரி நிரலுக்கு நல்ல மதிப்பு உண்டு.

வரிசை தவறுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த குறைதான். யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பதால், குறியெண்படி வரிசைப்படுத்தினால் கானாங்கெளுத்தி முதலிலும் காரப்பொடியும் காலாவும் அதற்குப் பின்னும் வரும். அகரவரிசைப்படி கானாங்கெளுத்தி இவ்விரண்டுக்கும் பின்னால் வர வேண்டியது. உலாவியில் வரிசைப்படுத்த உதவும் இன்ட்ல் கொலேட்டருக்குத் தமிழ் என்று மொழியைச் சொல்வதும், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஐசியு என்ற பன்மொழி நிரல்தொகுப்பின் அடிப்படையிலான தமிழ் வரிசையைத் தேர்வதும் போதும்.

எழுத்தெண்ணிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். "கொடுவா" மூன்றெழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் அதை ஆறு என்று எண்ணும், ஒகரம் பிரிந்து பதிவாகியிருந்தால் ஏழு என்று எண்ணும். நீளமான பெயரை இந்த எண்ணிக்கைப்படி வெட்டினால் கால் போய்க் "கொ" என்பது "கெ" ஆகிவிடும். இன்ட்ல் செக்மென்டரால் எழுத்தெழுத்தாகப் பிரித்து வெட்டுங்கள். திரைக்காக மட்டும் என்றால் வெட்டும் வேலையைச் சிஎஸ்எஸ்ஸிடமே விட்டுவிடுங்கள். குறுஞ்செய்தி அனுப்பும் செயலியாக இருந்தால், ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தியில் தமிழ் 70 குறிகளே கொள்ளும் என்பதையும், அந்த எழுபதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும் என்பதையும் கட்டணக் கணக்கில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: படிவத்தை நிரப்ப முடியாமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள்

ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் பிழைச் செய்தியைக் கண்டார்கள் என்று பதிவுசெய்து பார்த்தால் குற்றவாளி தானாக வெளிப்படுவார். வடசென்னையில் அவர் பெரும்பாலும் பெயர்க் கட்டத்திலோ முகவரிக் கட்டத்திலோ இருப்பார். முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கி, இரண்டிலும் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று விதித்தால், தலைப்பெழுத்தும் தன் பெயரும் மட்டுமே உள்ள மனிதர் என்ன செய்வார்? பெயருக்கு ஒரே கட்டம் போதும். புள்ளியையும் இடைவெளியையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

முகவரியில் கதவிலக்கத்தை எண்ணாக மட்டும் ஏற்பது இங்கே செல்லாது. பழைய எண்ணும் புதிய எண்ணும் இன்றும் சேர்த்தே எழுதப்படுகின்றன, அவற்றுக்கு நடுவே சாய்கோடு வருகிறது. வாரியக் குடியிருப்பு என்றால் பிளாக் எண்ணும் வீட்டெண்ணும் வரும். பல தெருக்களில் தெருப்பெயரை விட அருகிலுள்ள கோயில், பள்ளிவாசல், ரேஷன் கடை சொல்வதே பொருளைக் கொண்டுசேர்க்கும். மூன்று வரி கொள்ளும் ஒரே பெட்டி, அடையாளத்துக்கு ஒரு தனிக் கட்டம், அஞ்சல் குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் போதும். "600 081" என்று இடைவெளி விட்டு எழுதினால் திட்டாமல் நீங்களே இடைவெளியை நீக்கிக்கொள்ளுங்கள். குறியீட்டைக் கொண்டு பகுதியின் பெயரைத் தானாக நிரப்பும் வசதியைப் பரிந்துரையாக மட்டும் வையுங்கள், ஒரே குறியீட்டுக்குள் பல பேட்டைகள் அடங்கும்.

ஐஃபோனில் கட்டத்தைத் தொட்டதும் திரை பெரிதாகித் தடுமாறினால் கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருக்கிறது. கைப்பேசியில் கடைசிப் பொத்தான் உலாவியின் முகவரிப் பட்டைக்குக் கீழே ஒளிந்துகொண்டால், சிஎஸ்எஸ்ஸில் திரையுயரத்தைக் குறிக்கும் 100விஎச் என்பதை 100டிவிஎச் ஆக்குங்கள்.

அறிகுறி: ஒரே ஆர்டர் இரண்டு முறை விழுகிறது

பொத்தானைத் தொட்டவருக்குத் தொட்டது பதிவானதா என்று தெரியவில்லை. அதனால் மீண்டும் தொடுகிறார். ஈரமான விரலும் திரையில் நிற்கும் நீர்த்துளியும் தொடுதிரையைக் குழப்புவதால் காசிமேட்டில் இது இன்னும் அதிகமாக நடக்கும். தொட்ட நொடியே பொத்தானின் தோற்றத்தை மாற்றி "அனுப்பப்படுகிறது" என்று காட்டுங்கள். 50 மில்லிவிநாடியைத் தாண்டும் கணக்கீடுகளைத் துண்டுகளாக்குங்கள். ஆயினும் பொத்தானை முடக்குவது மரியாதைக்கு மட்டுமே. காப்பு சர்வரில் இருக்க வேண்டும். படிவம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி ஆர்டரோடு அனுப்பி, தரவுத்தளத்தில் அந்த எண் இரண்டாம் முறை வந்தால் புதிய ஆர்டர் போடாமல் முதல் ஆர்டரையே திருப்பிக் காட்டும்படி எழுதினால், எத்தனை முறை தட்டினாலும் ஒன்றுதான் விழும்.

யுபிஐ வழியே பணம் செலுத்தப் பயனர் வேறு செயலிக்குப் போய்த் திரும்புவதற்குள், நினைவகம் குறைந்த கைப்பேசி உங்கள் பக்கத்தை மூடியிருக்கலாம். ஆகவே திரும்பி வந்த பக்கம் தன் நினைவை நம்பாமல், ஆர்டரின் நிலையைச் சர்வரிடம் கேட்டே காட்ட வேண்டும். பணம் வந்ததற்குக் கட்டணச் சேவை சர்வருக்கு நேராக அனுப்பும் அறிவிப்பே சான்று. "உறுதிசெய்" பொத்தானும் "நீக்கு" பொத்தானும் அடுத்தடுத்து இருக்கக் கூடாது. 2023-இல் வந்த இணைய அணுகல்தன்மை நெறிமுறையின் 2.2 பதிப்பு தொடுபரப்புக்கு 24 பிக்சலைக் குறைந்த அளவாகச் சொல்கிறது, ஆண்ட்ராய்டு வழிகாட்டல் 48 என்கிறது. ஏலக்கூடத்துக்கு 48-க்குக் கீழே போக வேண்டாம்.

அறிகுறி: வெயிலில் ஒன்றும் தெரியவில்லை

வெள்ளைப் பின்னணியில் #999999 சாம்பல் எழுத்தின் வேறுபாட்டு விகிதம் (எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு) 2.85 மட்டுமே, அதே அணுகல்தன்மை நெறிமுறைப்படி வேண்டியது 4.5. #767676 ஆக்கினால் எல்லையைத் தொட்டுவிடும். கடற்கரைச் சாலை வெயிலுக்கு இன்னும் கருமை நல்லது.

அறிகுறி: எல்லாம் வேலை செய்கிறது, ஆனாலும் முடிக்காத வேலைபோல் இருக்கிறது

இதைக் கேட்டதும் அசைவூட்டம் சேர்க்கத் தோன்றும். அதற்கு முன் ஒவ்வொரு திரையையும் அது நிறைந்திருக்கும்போது மட்டும் வரைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாள்களில் மீன் பட்டியல் பாதியாகச் சுருங்கும், சில வகைகள் முற்றிலும் இல்லாமற்போகும். வெறும் வெள்ளைக் கட்டத்தைக் கண்ட வாடிக்கையாளர் செயலி கெட்டுவிட்டது என்று நினைப்பார். "தடைக்காலம், நாட்டுப்படகு மீன்கள் மட்டும்" என்ற ஒரு வரியும் கிடைப்பவற்றுக்கான இணைப்பும் அங்கே இருந்தால் அதுவே மெருகு. அதுபோல ஏற்றப்படும் நிலை, பிழை நிலை, பாதித் தரவு மட்டும் வந்த நிலை, 3 பொருள்கள் இருக்கும் நிலை, 3,000 பொருள்கள் இருக்கும் நிலை ஆகியவற்றைத் தனித்தனியே வரைந்து பாருங்கள். பிழைச் செய்தி என்ன நடந்தது என்பதோடு அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் சொல்லட்டும்.

அதற்குப் பிறகு இடைவெளிகளை ஒழுங்குபடுத்துங்கள். 4, 8, 16, 24, 32 என்று ஐந்தாறு அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினாலே திரை அமைதியடையும். தொகையை 1,25,000 என்று இந்திய முறையில் காட்டுங்கள். 125,000 என்று கண்டால் கணக்குப்பிள்ளை ஒரு கணம் தயங்குவார்.

அறிகுறி: ஒரு திரையைத் திருத்தினால் மூன்று திரைகள் உடைகின்றன

கருவியைப் பற்றி யோசிக்க வேண்டிய அறிகுறிகளில் இது முதன்மையானது. இன்னும் இரண்டு உண்டு: நீங்கள் நம்பியிருக்கும் கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது, அல்லது அதைத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் கிடைப்பதில்லை. திரை கட்டும் கருவியான ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான நீண்டகால ஆதரவு 2021 இறுதியோடு முடிந்தது. ரியாக்ட் செயலியைத் தொடங்க உதவிய கிரியேட் ரியாக்ட் ஆப் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இவற்றில் கட்டியிருந்தால் நகர்வதற்குக் காரணம் இருக்கிறது. "பழையதாகிவிட்டது" என்பது மட்டும் காரணம் ஆகாது; 2005-இல் வெளிவந்த ஜாங்கோ இன்றும் பராமரிக்கப்படுகிறது.

தேர்ந்தெடுக்கும்போது திரையில் நடக்கும் வேலையைக் கொண்டு முடிவெடுங்கள். பார்ப்பதும் படிவம் நிரப்புவதும் மட்டும் என்றால் சர்வரில் எச்டிஎம்எல் உருவாக்கும் கருவியும், பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்க ஆங்காங்கே எச்டிஎம்எக்ஸ் போன்ற சிறு துணையும் போதும். இழுப்பது, நகர்த்துவது, ஒரே திரையில் பல பகுதிகள் ஒன்றையொன்று பாதிப்பது என்றிருந்தால் ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் ஆகியவற்றில் உங்கள் அணிக்கு ஏற்கனவே தெரிந்தது எதுவோ அது. கிடங்குக்குள் சிக்னல் இல்லாமல் இருப்பை எண்ண வேண்டும் என்றால் உலாவியிலேயே தரவைச் சேமித்துப் பிறகு ஒத்திசைக்கும் வேலை கூடுகிறது. அந்த ஒத்திசைவில் மோதல் வந்தால் யார் சொல்வது செல்லும் என்பதைக் கடைக்காரரோடு உட்கார்ந்து முடிவு செய்யாமல் எந்தக் கருவியையும் வாங்காதீர்கள்.

மாற்றுவது என்று முடிவானால் முழுச் செயலியையும் புதிதாக எழுதத் தொடங்க வேண்டாம். பழையதும் புதியதும் ஒரே முகவரியின் கீழ் ஓடும்படி அமைத்து, அதிகப் புகார் வரும் திரையை மட்டும் முதலில் நகர்த்தி, தீபாவளி விற்பனை தொடங்கும் முன் வேலையை நிறுத்திவிட்டு, கூட்டம் ஓய்ந்த பிறகு அடுத்த திரைக்குச் செல்லுங்கள்.